நேரலையில் வந்த ஆத்தா

எனக்குப் பேச வராது. டிவியில் பிள்ளைகளோடு பேசித்தான் சோறு சாப்பிடுகிறேன். இரண்டும் உண்மை. (முதலாவதை நம்ப இப்போது ஆள் இல்லை.)

அதற்கு முன்னால் போர்ட் கிள்ளானில் லோரி கெலிண்டான். டிரைவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவேன். போய்ச் சேர்ந்ததும் மூட்டை இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமை உறுமி அடிப்பேன். எங்கள் குழு இல்லாமல் அந்தப் பக்கம் காவடி கிளம்பாது. பெருமைக்குச் சொல்லவில்லை. தகவல்.

ஒரு திருவிழாவில் சாப்பாட்டு நேரம். நான் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பிள்ளைகள் குதித்தார்கள். அதை ஒரு அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். விமலா மேடம். டிவியில் சிறுவர் நிகழ்ச்சி தயாரிப்பவர்.

"எங்க ஷோவுக்கு ஒரு அண்ணன் தேவைப்படுது. ஒரு நாள் லைவ்ல வந்து பாருங்க. சரியா வந்தா எடுத்துக்குவோம்."

"சரி," என்றேன். மறுநாள் போய் லோரி வேலையை விட்டேன்.

என் மனைவி செல்வி அப்போது மாசமாக இருந்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள் லீவு போட்டா பத்தாதா? டிவில வேணாம்னு சொல்லிட்டா என்ன செய்வீங்க?"

"சொல்லமாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

(எதுவும் தெரியாது. ஆனால் அந்த வயதில் நான் அப்படித்தான். குடை எடுத்துப் போகாமல் மழைக்கு உத்தரவு போடுகிற ஆள்.)

பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு மஞ்சள் சட்டை வாங்கினேன். பூப்போட்டது. "டிவிக்குப் போறேன்," என்று கடைக்காரரிடம் சொன்னேன். "ரிப்பேருக்கா பாஸ்?" என்றார். ஒரு வாரத்தில் என் முகம் தெரியும், அப்போது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஸ்டூடியோவில் எல்லாமே பிளாஸ்டிக். மரம் பிளாஸ்டிக், புல் பிளாஸ்டிக், கூடையில் பழங்கள் பிளாஸ்டிக். பிள்ளைகள் மட்டும் அசல். பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் கறுப்புக் கோட், ஹைஹீல்ஸ், இறுக்கிக் கட்டிய கொண்டை, அதன்மேல் ஹெட்போன்.

"நல்லா கேட்டுக்குங்க. இது பேமிலி ஷோ. கோயில் கீயில் எதுவும் வேணாம். உறுமிய ஒரு தடவ புலி மாதிரி உறும வைங்க. 'இது என்ன மிருகம்?'னு கேளுங்க. பிள்ளைங்க புலின்னு சொல்லும். அவ்வளவுதான். ஈசி லா."

"ஈசி," என்றேன்.

எனக்கு முன்னால் பழப் பாடம். 'உங்களுக்கு எந்தப் பழம் பிடிக்கும்?' என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிறகு என் முறை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தேன். உறுமி உறுமியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இப்போது நான் கேட்க வேண்டும்.

கேள்வி மறந்துவிட்டது. என் பெயரும் மறந்துவிட்டது. நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

வாய் நின்றால் எனக்குக் கை ஓடும். கைக்குத் தெரிந்தது கோயில் அடி மட்டும். அதுவும் ஆத்தாவை அழைக்கிற அடி. அடித்தேன். பயத்தில் வேகமாக அடித்தேன். வேகம் கூடக்கூட நன்றாக வந்தது. (வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் அடித்ததே இல்லை. அதுதான் கஷ்டம்.)

முதலில் மேடத்தின் ஹீல்ஸ் தட்டியது. தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். பிறகு தலை ஆடியது. ஹெட்போன் பறந்தது. கொண்டை அவிழ்ந்தது.

"ஏய்ய்ய்!"

மேடம் கேமராவுக்கு முன்னால் குதித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கேமராமேன் குணா அண்ணே 'நிறுத்து நிறுத்து' என்று எனக்குக் கையைக் காட்டினார்.

எப்படி நிறுத்துவது? சாமி வந்த பிறகு பாதியில் அடியை விட்டால் வந்தவருக்கு ஆகாது. நிறுத்தாவிட்டால் எனக்கு வேலை ஆகாது. லோரியும் போச்சு, டிவியும் போச்சு, வீட்டில் செல்வி. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கோயிலில் என்றால் பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும். இங்கே பின்னால் பிளாஸ்டிக் மரம்.

யாராவது கேட்டாக வேண்டும். நானே கேட்டேன். டிவியில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"தாயே, யாரு வந்திருக்கீங்க?"

"ஆத்தா வந்திருக்கேன்டா!"

முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை எழுந்தாள். அன்றைய பாடத்தை நன்றாகப் படித்தவள்.

"ஆத்தா, உங்களுக்கு எந்தப் பழம் பிடிக்கும்?"

"எலுமிச்சம்பழம்!"

கூடையில் ஒன்று இருந்தது. ஒரு கையால் அடித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். ஆத்தா கடித்தாள். பழம் 'கீச்' என்று கத்தியது. அமுக்கினால் கத்துகிற பொம்மை. பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். ஆத்தா என்னைப் பார்த்தாள்.

"என்னடா கொடுத்த?"

"பிளாஸ்டிக், தாயே."

அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இன்றுவரைக்கும் வீட்டில் பழம் வாங்கினால் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

ரெட்டைச் சடை விடவில்லை. "ஆத்தா, இந்த அண்ணே நாளைக்கும் வருவாரா?"

கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறாள். ஆத்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மஞ்சள் சட்டையையும் பார்த்தாள்.

"வருவான். இவன் இங்கதான் இருப்பான்."

அடியை மெதுவாக இறக்கினேன். "அண்ணே, திருநீறு!" என்று கத்தினேன். குணா அண்ணே மேக்கப் அறைக்கு ஓடி முகப் பவுடரைக் கொண்டுவந்தார். வேறு வழியில்லை. அதையே மேடம் நெற்றியில் பூசினேன். ஆத்தா மலை ஏறினாள். மேடம் புல்மேல் உட்கார்ந்து கண்ணைத் திறந்தார்.

"ஏன் இன்னும் கேமரா ஓடுது?"

பிறகு மேடத்தின் அறை. கதவைச் சாத்தினார். நெற்றியில் இன்னும் பவுடர்.

"கோயில் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"நீங்க வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, என்ன ஆச்சுன்னு போட்டுப் பாக்கணும்."

பதிவைப் போட்டார். நானும் நின்று பார்த்தேன். சாமி ஆடியதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பழம் கத்தியபோது கண்ணை மூடிக்கொண்டார். 'வருவான்' என்ற இடம் வந்தது. நிறுத்தினார். திரும்பப் போட்டார். இன்னொரு தடவை போட்டார்.

கேட்கிறது அவர் குரல். சொன்னது அவர் இல்லை. ஆத்தா வாக்கை மீறுவதா வேண்டாமா என்று அந்த முகத்தில் ஓடியது. எனக்குத் தெரியும், கோட் போட்டிருந்தாலும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே.

"நாளைக்குக் காலையில வந்துடுங்க," என்றார். "அந்த உறுமி மட்டும் வேணாம்."

போனேன். கிட்டார் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டினேன். என் பாட்டு தெரியாத பாலர் பள்ளி கிள்ளானில் இல்லை. பேச வராததும் நல்லதாகப் போனது. நான் நிறுத்துகிற இடத்தில் பிள்ளைகள் பேசிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு புது மேலாளர் வந்தார். என் படிப்பைக் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் திகைத்து, "இவர யார் செலக்ட் பண்ணது?" என்று மேடத்திடம் கேட்டார். மேடம் கண் இமைக்கவில்லை.

"நான்தான்."

அதை வீட்டில் வந்து சொன்னேன். செல்வி சிரித்துச் சிரித்துப் புரையேறி, மகள் ஓடி வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. இப்போது விருந்தாளி யார் வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் காப்பி, அடுத்து இந்தக் கதைதான். கடைசி வரியை மட்டும் என்னைச் சொல்ல விடமாட்டாள்.

"அந்தம்மா எங்க இவர எடுத்தாங்க? அவங்கதான் அப்ப அங்கயே இல்லையே!"