ஏரியில் ஓடிய பேனர்

தண்ணீரில் ஒரு பலகையைப் போட்டு, அதில் பாய்மரம் ஒன்றை நட்டு, காற்று தள்ளத் தள்ள அதன்மேல் நின்றுகொண்டே போவதை ஒரு மனுஷன் தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் சொல்லப்படவில்லை. அந்த ஒரே தைரியத்தில்தான் விக்கிரமங்கலம் ராஜவேல் அந்தத் தொழிலுக்குப் போனான். பாவம், சட்டத்தைப் பார்த்தவன் ஆபீஸைப் பார்க்க மறந்துவிட்டான்.

சென்னைக்குப் படிக்க அனுப்பினால், பையன் கடற்கரையில் ஒரு படகு கிளப்பில் போய் ஒட்டிக்கொண்டு, பட்டத்தோடு இந்த வித்தையையும் கற்றுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓட்டினான். தேசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினான். அப்பா செல்லமுத்து அந்தப் பதக்கத்தை அரியலூர் நகைக்கடையில் கொண்டுபோய் உரசிப் பார்த்தார். வெள்ளி இல்லை என்று தெரிந்ததும், மகனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

கடைசியில் இருவருக்கும் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. தை மாதம் ராமநாதபுரம் பக்கத்துக் கடலில் இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் தேறினால் சாப்பாடு, பயிற்சி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அணியின் பொறுப்பு. பிறகு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. தேறாவிட்டால் சிமெண்ட் ஆலை எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட வேண்டும். மாமா சொல்லிவைத்துவிட்டார், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ராஜவேல் தலையாட்டினான். நாற்காலி என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவனுக்கு முதுகு வலித்தது.

பலகையில் கட்டுகிற பழைய பாய் நைந்துபோய் இருந்தது. புதுசு வாங்க உதவி கேட்டு விளையாட்டு ஆபீசுக்குப் போனான். அங்கே மிகுந்த பரிவோடு விசாரித்தார்கள். இந்த மாவட்டத்தில் கடல் இல்லை, கடல் இல்லாததால் அந்த விளையாட்டு இல்லை, விளையாட்டு இல்லாததால் வீரரும் இருக்க வாய்ப்பில்லை என்று விளக்கினார்கள். கபடி என்றால் உடனே செய்யலாமாம். சரி என்று கடல் இருக்கிற மாவட்டத்தில் போய்க் கேட்டான். நீங்க அரியலூர்க்காரராச்சே என்று அவர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

அப்போதுதான் ஜெயங்கொண்டம் தர்மராஜ் கைகொடுத்தார். போர்வெல் வண்டிகள் வைத்து ஓட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் சுவர், மரம், மினிபஸ், பாலத்துக் கைப்பிடி என்று அவர் பேர் இல்லாத இடம் கிடையாது. மிச்சமிருந்தது தண்ணீர்தான். அது அவர் மனதை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

அவர் காசில் புதுப் பாய் வந்திறங்கியதும் பெரம்பலூரில் கொடுத்துப் படம் அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். நடுவில் தர்மராஜ், கூலிங்கிளாஸ் போட்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மருமகன், அந்தப் பக்கம் மச்சான். கீழே போன் நம்பர். பாயின் நடுவே எதிரில் வருவதைப் பார்ப்பதற்கென்று கண்ணாடி மாதிரி ஒரு பகுதி இருக்கும். அது காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அங்கே கிருஷ்ணர் வேஷம் போட்ட பேத்தியை ஒட்டச் சொல்லிவிட்டார். எதிரே கரை வருகிறதா, எருமை வருகிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் கிருஷ்ணர் வெண்ணெய் தின்றுகொண்டிருந்தார். ராஜவேல் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தபடியே ஓட்டப் பழகிக்கொண்டான்.

அந்த மார்கழியில் ஊர் ஏரி கரை தொட்டு நின்றது. வாடைக்காற்று நன்றாக வீசியது. பாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால் காற்று அவன் கையைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்புக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். செத்தாலும் எடைமேடைக்குப் போகக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டான்.

இங்கேதான் கதைக்குள் அரசு வருகிறது. பேனர் தொல்லை பொறுக்க முடியாமல் பொதுமக்கள் மனு எழுதி எழுதி, அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து அரியலூரில் பதாகை ஒழுங்குமுறைச் சிறப்புப் பிரிவு என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதன் அலுவலர் கோகுலகிருஷ்ணன் கடமை தவறாதவர். அனுமதியில்லாத பேனர்களைப் பறிமுதல் செய்து மாதா மாதம் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயிலடி வரைக்கும் பேனராகத்தான் நின்றது. ஆனால் எதில் கைவைத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார், அந்த ஆளுக்கு மேல் இன்னொரு ஆள் இருந்தார். மாதமோ முடியப் போகிறது. இந்தக் கவலையோடு அவர் ஜீப்பில் ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தபோது, செல்போனில் பேசியபடி தர்மராஜ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைக் கண்டார். அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

கரைக்கு வந்த ராஜவேலிடம் பாயை வாங்கிச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் அவன் ஆபீசுக்குப் போனான்.

"சார், அது பேனர் இல்ல. பாய். அது இல்லாட்டி போர்டு நகராது" என்றான்.

"துணி மாதிரி இருக்குதா? மூஞ்சி இருக்குதா? போன் நம்பர் இருக்குதா? இதுக்கு மேல ஒரு பேனருக்கு வேற என்னப்பா வேணும்?"

"ஏரிக்குள்ள ஓடுது சார்."

"அதுதான் குத்தமே. நின்ன இடத்துல நிக்கிற பேனருக்கு அனுமதி குடுக்க வழி இருக்கு. ஓடற பேனர நான் எந்த ஊர்க் கணக்குல எழுதறது?"

நியாயமான கேள்விதான். ஏரிக்கு அந்தக் கரை ஒரு பஞ்சாயத்து, இந்தக் கரை ஒரு பஞ்சாயத்து. காற்று மாறினால் பேனர் ஊர் மாறிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டுவதற்கு முன் ஆட்சேபணை இல்லை என்று இரண்டு பக்கமும் வாங்கியிருக்க வேண்டும். கரையில் பைக்கில் போகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பதால் போக்குவரத்துப் போலீஸையும் கேட்டிருக்க வேண்டும். சரி, படங்களையெல்லாம் பிய்த்து எறிந்துவிடுகிறேன், வெறும் பாயைக் கொடுங்கள் என்று ராஜவேல் கேட்டுப் பார்த்தான். பறிமுதல் செய்த பொருளில் கைவைத்தால் தடயத்தை அழித்த குற்றமாம். உள்ளே வந்தபோது அவன் ஒரு குற்றம்தான் செய்திருந்தான். பேசப் பேச அது பெருகிக்கொண்டே போனது.

ஒரு வாரம் அலைந்தான். கண்காணிப்பாளர் சிந்தாமணி நல்ல மனசுக்காரர். பையன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, காற்றில் சாய்ந்து விழாது என்று உறுதிச் சான்று ஒன்று வாங்கினால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உறுதிச் சான்று தருகிற இன்ஜினியர் அடுத்த அறையிலேயே இருந்தார். அவரும் உதவி செய்யும் எண்ணத்தில்தான் இருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. காத்தடிச்சா சாயுமா?"

"சாயும் சார்."

"எவ்வளவு?"

"நல்லா அடிச்சா தண்ணியத் தொடற அளவுக்கு சாயும். அப்பத்தான் சார் வேகமா போவும்."

இன்ஜினியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தன் பணிக்காலத்தில் எத்தனையோ மோசமான பேனர்களைப் பார்த்திருப்பதாகவும், சாய்வதற்கென்றே செய்த பேனரை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார்.

பொங்கல் வந்து போனது. அணித் தேர்வுக்கு நாள் நெருங்கியது. தர்மராஜிடம் போய் முறையிட்டால், தன் மூஞ்சியை மடித்து வைத்திருக்கிறார்களா, விரித்து வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்தே அவனைத் தேடி ஆள் வந்தது. சிறப்புப் பிரிவு, பேனர் ஒழிப்பு விழிப்புணர்வுப் பெருவிழா ஒன்று நடத்துகிறது. அதில் ராஜவேல் மேடையேறி, தன்னுடைய பேனரைத் தானே மனம் திருந்தி ஒப்படைத்ததாக இரண்டு வார்த்தை பேச வேண்டும். பேசினால் பாயை அனுமதியோடு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். திருந்தியவனுக்கு எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்க அவன் என்ன பைத்தியமா? விழா முடிந்தால் மறுநாள் தேர்வு. ராத்திரி பஸ்ஸைப் பிடித்தால் விடிவதற்குள் கடலில் இருக்கலாம். உடனே ஒத்துக்கொண்டான்.

விழா அரியலூரில் அமர்க்களமாக நடந்தது. பேனர் ஒழிப்புக்கு வருகை தருவோரை வரவேற்று வழிநெடுக பேனர் வைத்திருந்தார்கள். ராஜவேலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மனம் திருந்திவிட்டதாக மைக்கில் சொன்னான். கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது. முன்வரிசையில் செல்லமுத்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பதக்கம் வாங்கியபோது இல்லாத பெருமை முகத்தில் தெரிந்தது.

பிறகு திரையை விலக்கினார்கள். மேடைக்குப் பின்னால் மூங்கில் சட்டத்தில் அவன் பாய் நின்றது. தர்மராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் ஒரு ஓட்டை. மருமகன் வாயில் ஒன்று. மச்சான் இருந்த பக்கம் மூன்று. பேத்தியின் வெண்ணெய்ச் சட்டியிலும் ஒன்று. பாய் முழுக்கப் பிறை வடிவத்தில் கத்தியால் கீறித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ராஜவேல் ஒரு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"சார், என்ன சார் இது?"

"எல்லாம் உனக்காகத்தான்" என்றார் கோகுலகிருஷ்ணன். அவர் குரலில் உண்மையான பாசம் இருந்தது. "நம்ம இன்ஜினியரே நேர்ல நின்னு வெட்டவெச்சாரு. எந்தப் பேனரா இருந்தாலும் இப்புடி வெட்டி வுட்டாத்தான் நிக்கும். இனிமே எவ்வளவு காத்தடிச்சாலும் சாயாது. உறுதிச் சான்றும் குடுத்துட்டாரு."

"காத்தெல்லாம் ஓட்டை வழியா போயிடும் சார்."

"ஆமாப்பா. அதுக்குத்தான வெட்டுனது."

ராஜவேல் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். ஊருக்கு வந்து, கிடைத்த டேப்பையெல்லாம் ஒட்டி ஏரியில் இறக்கிப் பார்த்தான். முதல் காற்றுக்கே டேப் படபடவென்று பிய்ந்து போனது. ராமநாதபுரம் பஸ் அவன் இல்லாமல் போனது. மறுநாள் கடலில் யார் யாரோ ஓடினார்கள். அவன் ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

எடைமேடைக்குக் கிளம்பு என்று செல்லமுத்து சொல்ல இருந்த அன்று, வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. விஷயம் வேறொன்றுமில்லை. அனுமதி கொடுக்கும்போது சிறப்புப் பிரிவு அதன் வகையை 'நகரும் பதாகை' என்று எழுதி, இரு மாவட்டங்களிலும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முத்திரை குத்தியிருந்தது. அதாவது அரியலூரிலும் பெரம்பலூரிலும் எங்கே வைத்தாலும் சட்டப்படி யாராலும் பிடுங்க முடியாத ஒரே பேனர் ராஜவேலிடம்தான் இருந்தது. ஓட்டைகளை மட்டும் மூடாமல் தர்மராஜ் மேல் வேறு படத்தை ஒட்டி, வாசலில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். காதுகுத்து, புதுமனை, சடங்கு, கட்சி மாநாடு என்று தேதி கேட்டு வந்தார்கள். எடைமேடையை விட வரும்படி அதிகம் என்று செல்லமுத்து அங்கேயே கண்டுகொண்டார். ராஜவேல் யோசித்துப் பார்த்தான். இதிலாவது பாய் கையில் இருக்கும். சரி என்றான். விளையாட்டு ஆபீசும், பாய்மரப் பலகையால் பிழைக்கும் வீரர் நம் மாவட்டத்தில் ஒருவர் இருக்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதி, பாராட்டு வாங்கிக்கொண்டது.

முதலில் தேதி வாங்கியவர் திருமானூர் முத்தமிழ்செல்வன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேனரால் கண் தெரியவில்லை, வழி தெரியவில்லை என்று மனுமேல் மனு போட்டு, சிறப்புப் பிரிவு வரவே காரணமாயிருந்த மகான். அவர் மகளுக்குக் கல்யாணம். ஒரு பேனர்கூட இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

அடப்பாவமே என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. நன்றாகக் கொட்டுங்கள். உங்கள் தங்கச்சி மகள் சடங்குக்கு ரோட்டை அடைத்து வைத்த பேனரில், மேலே வலது மூலையில் கைகூப்பிக்கொண்டு நின்றது யாராம்?

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ராஜவேல் பாயைப் பிடித்து நின்றான். முகூர்த்தத்துக்குச் சற்று முன் கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பி வந்தது. அருமையான காற்று. அவனை அறியாமல் முட்டி மடங்கியது, கை இறுகியது, உடம்பை முழுசாகப் பின்னால் சாய்த்தான். காற்று மாப்பிள்ளை மூக்கு வழியாகவும் பெண்ணின் மாமன் காது வழியாகவும் நுழைந்து போய்விட்டது. கையைப் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. அவன் பந்தலடியில் மல்லாக்க விழுந்தான்.

முத்தமிழ்செல்வன் பதறிப்போய் ஓடிவந்தார்.

"பாத்துப்பா, சம்பந்தி மூஞ்சி மடங்கிடப் போவுது" என்றார்.