நான் யாரையும் மன்னிக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று தொடங்கினால்தான் கடிதம் என்கிறார்கள், அதனால் தொடங்கியிருக்கிறேன். அதற்கு மேல் அந்த வார்த்தையில் ஒன்றும் தேடாதே. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தையும், உன் மனைவிக்கு ஆபரேஷன் ஆன கண்ணின் நலத்தையும் அறிய விருப்பம். நான் உனக்குக் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. அதில் என்ன கேட்டிருந்தேன் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அதை இப்போது கிளறினால் சொல்ல வந்தது கெட்டுப்போகும்.

சொல்ல வந்தது இதுதான். நான் உன்னை மன்னித்துவிட்டதாக என் பேரன் உலகத்துக்கே எழுதிப் போட்டிருக்கிறான். நீயும் அதைப் பார்த்துவிட்டுக் கீழே "வாழ்த்துகள்!" என்று போட்டிருக்கிறாய். நான் மன்னிக்கவில்லை. முதலில் இது உன் தலையில் ஏறட்டும். மற்றதை முறையாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

பேரனுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். தெரியும் என்ன, முதல் ஆளாக வாழ்த்துச் சொன்னவனே நீதானே. வாஷிங் மெஷினோ மிக்ஸியோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று போட்டிருக்கும், நாம் அதைப் படிக்காமல் அலமாரியில் சொருகிவிடுவோம். அதை எழுதுவதுதான் அவன் உத்தியோகம். இப்போது அதைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்கிறது என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தியோகம் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒன்றுகூடி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்க இன்டர்நெட்டில் ஒரு தளம் இருக்கிறதாம், வேலை தேடுகிறவன் அங்கேதான் கடை விரிக்க வேண்டுமாம். "இன்றோடு என் வேலை முடிந்தது, மனம் கனக்கிறது" என்று அவன் அங்கே போட்டான். அதன் கீழே உன் வாழ்த்து, "மேன்மேலும் வளர்க!" என்று ஒரு வாலோடு. என் மருமகள் அதைப் படித்துக் காட்டியதும், "இவனுக்குக் கண்ணு தெரியலையா, இல்ல நெஞ்சே இல்லையா?" என்று கேட்டேன். பேரன் உனக்காகப் பரிந்துகொண்டு வந்தான்.

"இல்ல பாட்டி, அதுல ரெடியா ஒரு பட்டன் வரும். சின்னத் தாத்தா எது வந்தாலும் அதையே தட்டிடுவாரு. போன வாரம் ஒருத்தரு தன் அப்பா தவறிட்டாருன்னு போட்டிருந்தாரு, அதுக்கும்..."

நான் காதைப் பொத்திக்கொண்டேன். தம்பி, உனக்குப் பொழுது போகவில்லை என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடு.

வேலை போனதிலிருந்து பேரன் சரியாக இல்லை. அப்பன் ஆபீஸிலிருந்து வருகிற நேரம் பார்த்து, அதற்கு முன்பே நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறான். யாராவது "ஏதாவது வந்ததா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். லேப்டாப்பில் நேர்காணல் என்றால் மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை. அந்தக் கோலத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "யோசிச்சு சொல்றாங்களாம்" என்பான். யாரும் யோசித்து முடித்ததாகத் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்கு ஒரு ஆலோசகர் குடிவந்தார். மற்றவர்களுக்கு எப்படி வேலை கிடைக்கும் என்று சொல்வதே அவருக்கு வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் நாற்காலியில்தான் உட்காருவார், காபி கொடுத்தால் சர்க்கரை கூட என்பார். "தம்பி, முதல் வரியிலேயே கொக்கி போடணும். படிக்கிறவன் அதுல மாட்டிக்கிட்டுத் துடிக்கணும்" என்று பேரனுக்குப் பாடம். அன்றிலிருந்து எனக்கு அவர் கொக்கிக்காரர். ஒரு வரிக்கு மேல் சேர்த்து எழுதக் கூடாதாம். எழுதியதும் இரண்டு விரல் இடம் விட வேண்டுமாம். முதலில் அழ வேண்டுமாம், நடுவில் எழ வேண்டுமாம், கடைசியில் ஒரு பாடம் சொல்லிவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஊரைக் கேட்க வேண்டுமாம். நான் என்ன நினைக்கிறேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அது போதாதென்று, முன்பின் தெரியாத மேலாளர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பச் சொன்னார். ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, பெயரையும் கம்பெனியையும் மாற்றி மாற்றி அனுப்பினால் போதுமாம். "தங்கள் பயணம் என்னை நெகிழ வைக்கிறது" என்று ஆரம்பம்.

"அந்த ஆளு எங்கடா பயணம் போனாரு?" என்றேன்.

"ஆபீஸ்ல படிப்படியா மேல வந்தாருல்ல பாட்டி, அதைச் சொல்றது."

"மாடி ஏறினதுக்கா இப்படி நெகிழ்ந்தே? நானும் தினம் துணி காயப்போட ஏறுறேன்."

அவன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அனுப்பினான், அனுப்பினான், அனுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரி அம்மாளுக்கும் ஒன்று போனது. பெயரை மாற்றினான், கம்பெனியை மாற்றினான், நடுவில் இருந்த வரியை மாற்ற மறந்துவிட்டான். அதற்கு முன்னால் அனுப்பியது பிஸ்கட் கம்பெனிக்கு. "சிறு வயது முதலே தங்கள் பிஸ்கட்டுகள் மீது எனக்குத் தீராத ஈடுபாடு. மழை நாட்களில் தேநீரில் தோய்த்து உண்டிருக்கிறேன்" என்று லிஃப்ட் கம்பெனிக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் உடனே பதில் போட்டார்: "நன்றி. எங்கள் லிஃப்டை இதுவரை யாரும் தோய்த்துப் பார்த்ததில்லை." பேரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஆனால் அந்த அம்மாள் சிரித்ததோடு விடவில்லை. இப்படி ஒரு பிள்ளை எங்கே இருக்கிறான் என்று அவன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்தால் அங்கே முழுக்க நான்.

எப்படி நான் என்று கேள். சொந்தக் கதை போட்டால்தான் எடுபடும் என்று கொக்கிக்காரர் சொல்லியிருக்கிறார். "வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்றாராம். இரண்டு பேரும் திரும்பி, விலைக்கு வந்த மாட்டைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதலில் நான் குளியலறையில் வழுக்கியதைப் போட்டான். "பாட்டி விழுந்தார். பாட்டி எழுந்தார். அன்று நான் தலைமைப் பண்பைக் கற்றேன்." நான் எங்கே எழுந்தேன்? மருமகளும் தண்ணீர் கேன் போட வந்தவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தலைமைப் பண்பைக் கற்றவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அடுத்த அறையில் இருந்தான்.

அடுத்தது, "பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் பாட்டி." நான் ஐந்தாவது வரை படித்தவள். பெருக்கலில் வகுப்புக்கே நான்தான் முதல். உன்னைப் பெற்றுவிட்டு அம்மா படுத்துவிட்டாள், உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். டீச்சர் வீடு தேடி வந்து, "நல்லாப் படிக்கிற பொண்ணு, அனுப்புங்க" என்று கேட்டார். நீ என் இடுப்பில் உட்கார்ந்தபடியே அவர் கைப்பைக்குள் ஒன்றுக்குப் போனாய். அப்புறம் அவர் வரவில்லை. உனக்கு இதெல்லாம் தெரியாது என்பாய். தெரியாமல் செய்தாலும் செய்தது செய்ததுதான்.

மூன்றாவதுதான் உன் சமாசாரம். "என் பாட்டிக்குப் பகை என்ற சொல்லே தெரியாது. ஆசையாக வைத்திருந்த ரேடியோவைத் தம்பி தொலைத்தபோது, ஒரு புன்னகையோடு மன்னித்தார். மன்னிப்பே மிகச் சிறந்த நிர்வாகம். இன்று உங்கள் அலுவலகத்தில் யாரை மன்னிக்கப் போகிறீர்கள்?" ஆயிரக்கணக்கில் லைக் விழுந்ததாம். எவனெவனோ தன் மேலாளரை மன்னித்தானாம். நான் கேட்கிறேன், நீ தொலைத்தாயா? என் வீட்டுக்காரர் எனக்கென்று வாங்கித் தந்த ஒரே பொருள் அது. கரகரக்கிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று துணியில் சுற்றி எடுத்துப் போனவன் நீ. கேட்கும்போதெல்லாம் ஒரு பாகம் வர வேண்டும் என்றாய். ஒரு நாள் காய் வாங்கிக்கொண்டு உன் மாமியார் வீட்டு வழியாக வருகிறேன், முன்னறையில் என் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. கரகரப்பே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் நின்று அந்தப் பாட்டு முடியும்வரை கேட்டேன். உன் மாமியார் எட்டிப் பார்த்தார், ஜன்னலைச் சாத்தினார். நான் புன்னகைத்தேன் என்று எவன் சொன்னான்?

பேரனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன்டா, நான் எப்படா அவனை மன்னிச்சேன்?"

"அது பதிவு பாட்டி. அது அப்படித்தான் முடியணும்."

"நடந்ததைப் போடு."

கொக்கிக்காரர் குறுக்கே புகுந்தார். "அம்மா, கோபத்துக்கு லைக் விழாதும்மா."

"கோபத்துக்கு என்ன விழும்னு காட்டவா?" என்றேன். சர்க்கரை கூடப் போட்ட காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் காரியம் கையை மீறிவிட்டது. அந்த லிஃப்ட் அம்மாள் பேரனை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவை உதைக்காமல், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் பொறுமையாக இருக்க என்ன எழுதி ஒட்டுவது என்பதற்கு அவர்களுக்கு ஆள் வேண்டுமாம். அடைபட்ட இடத்தில் சேர்ந்து இருப்பது பற்றி இந்தப் பிள்ளைக்கு நல்ல ஞானம் என்று என் கதையைப் படித்து முடிவுகட்டிவிட்டார். அதோடு, "பாட்டியையும் பக்கத்துல உட்கார வைங்க, அவங்க வாயால அந்தக் கதையைக் கேட்கணும்" என்று வேறு சொல்லிவிட்டார். மருமகள் என் பின்னாலேயே சுற்றுகிறாள். "அத்தை, ஒரே ஒரு 'ஆமா' போதும் அத்தை. பிள்ளைக்கு வேலை அத்தை." பேரன் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டான். போட்டதையே மறுபடியும் போட்டான்.

நான் முடிவு செய்துவிட்டேன். கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடம், ரேடியோ, உன் கல்யாணத்தில் போட்டோ பிடிக்கும்போது "அக்கா, கொஞ்சம் நகரு" என்று என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளினாயே, அதுவரை சொல்வேன். பொய் சொல்லி வருகிற வேலை இவனுக்கு வேண்டாம். உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த வாழ்த்தை அழி. ரேடியோ தொலையவில்லை, உன் மாமியார் வீட்டில் இருந்தது என்று அதே இடத்தில் உன் கையாலேயே எழுது. சமாதானம் பேசுகிறேன் என்று போன் செய்யாதே, வீட்டுப் பக்கம் வராதே. பட்டனைத் தொடாதே.

உன் மனைவியிடம் கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல். பிள்ளைகளும் மருமக்களும் நன்றாக இருக்கட்டும். உனக்கும் என் ஆசி உண்டு. மூத்தவளாகப் பிறந்துவிட்டேன், கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா

பின்குறிப்பு: இதை மடித்து உறைக்குள் போடுவதற்குள் அந்த அம்மாள் லேப்டாப்பில் வந்துவிட்டார். என்னை இழுத்துப் பேரன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவனிடம் நிறையக் கேட்டார், அவனும் ஒழுங்காகத்தான் சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்மா, தம்பி மேல உங்களுக்குக் கோபமே இல்லையா?" என்றார். ஆதியிலிருந்து தொடங்கலாம் என்று மூச்சை இழுத்தேன். மேஜை ஆடியது. என்னடா என்று பார்த்தால், பேரன் கால் மேஜைக்கு அடியில் கிடந்து நடுங்குகிறது. முகத்தை மட்டும் சிரித்தாற்போல வைத்திருக்கிறான். "கோபமா? அவன் மேலயா? குழந்தைம்மா அவன், நான்தான் தூக்கி வளர்த்தேன்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தொடங்கிய பிறகு நன்றாகவே வந்தது, உன்னைப் பற்றி இரண்டு நல்லது கூடச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் முதலில் சில மாதம் வைத்துப் பார்ப்பார்களாம், அப்புறம்தான் நிரந்தரமாம். அதற்குள் ஆபீஸில் ஏதோ கூட்டமாம், நீயும் நானும் சேர்ந்து வந்து மேடையில் உட்கார வேண்டுமாம். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. ஆகையால் பேரனுக்கு வேலை நிரந்தரம் ஆகும்வரை உன்னை மன்னித்திருக்கிறேன். மேலே எழுதியதை இப்போதைக்கு எடுத்துக்கொள்ளாதே, கிழித்தும் போடாதே, நிரந்தரம் ஆன அன்றைக்கு முதல் வரியிலிருந்து மறுபடி படி. அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள், மாத்திரையை விடாதே, படியில் பார்த்து இறங்கு. நடுவில் ஏதாவது ஆகி நீ தப்பித்துக்கொண்டாய் என்றால், அதை மட்டும் நான் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன்.