பிரிந்த தையலின் தத்துவம்

ஆடையைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் சாதனை; அதற்கு விளக்கம் சொல்ல ஆள் வைத்தது அதைவிடப் பெரிய சாதனை. இந்த இரண்டாம் சாதனைக்குத் தன் இளமையையே அர்ப்பணித்தவள் டெஸ் வோய்ச்சிக்.

பஃபலோ நகரிலிருந்து நியூயார்க் வந்த முதல் மூன்று வருடம், ஒரு ஃபேஷன் விளம்பர நிறுவனத்தில் அவள் ஆற்றிய "மக்கள் தொடர்பு", மாடல்களுக்குக் காபி வாங்குவதும் முன்வரிசை நாற்காலிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும். மகளின் உத்தியோகம் என்னவென்று எத்தனை முறை விளக்கியும் விளங்காத அம்மா, சர்ச்சில் கேட்டவர்களிடம் துணிக்கடை என்று சொல்லிவைத்தாள். டெஸ்ஸின் தலைவி கொரின் அடேர், விற்காத சரக்கை விற்காத சரக்கு என்று சொல்லியறியாத உத்தமி. அதற்கு அவள் வைத்த பெயர் "ஆவணத் தொகுப்பு".

அந்த செப்டம்பரில் ஆன்செல்ம் ரோர்க் என்ற ஆடை வடிவமைப்பாளரின் ஃபேஷன் காட்சி. வெள்ளி நிற கவுனுக்கு இந்த நூல் தாங்காது, இன்னும் ஒருநாள் வேண்டும் என்று தையல்காரி ஒஃபீலியா டெஸ்ஸிடம் சொன்னாள். டெஸ் கொரினிடம் சொன்னாள். கொரின் யாரிடமும் சொல்லவில்லை.

மேடையின் நட்டநடுவில் கவுன் அக்குளிலிருந்து இடுப்புவரை பிரிந்தது. அதன் ஒரு பக்கத்துக் கைத்துணி கழன்று தரையில் விழுந்தது. இருநூறு செல்போன்கள் உயர்ந்தன. திரைக்குப் பின்னால் ஆன்செல்ம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொரின் குரலை உயர்த்தவில்லை. "டெஸ், பத்து நிமிஷம் தரேன். இதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடி. இல்லேன்னா வேற வேலை கண்டுபிடி."

டெஸ்ஸுக்கு எட்டு நிமிடமே போதுமாயிருந்தது. "தையல் ஓர் அடக்குமுறை. இந்த ஆடை தன்னைத்தானே விடுதலை செய்துகொண்டது" என்று அறிக்கை விட்டாள்.

கிழித்து எழுதவே வந்திருந்த விமர்சகர்கள், அது ஏற்கனவே கிழிந்திருந்ததால் பாராட்டி எழுதினார்கள். சீமாட்டிகள் கிழிசலுக்கு முன்பதிவு செய்தார்கள். டெஸ் துணைத்தலைவியானாள், ஜன்னல் வைத்த அறை கிடைத்தது.

தத்துவம் அத்தோடு நிற்கவில்லை. பிரியப்போகும் ஆடைக்குத் தையல் எதற்கு என்று யோசித்த ஆன்செல்ம், பட்டறையில் ஒஃபீலியா உட்பட பதினோரு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார். அறிவிப்பை டெஸ்தான் எழுதினாள்: "நம் சகோதரிகள் ஊசியிலிருந்து விடுதலை பெறுகிறார்கள்." எழுதியதை மூன்று முறை படித்துப் பார்த்தாள். ஆனாலும் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

வசந்தத்தில் அவளுக்கு "ஆண்டின் நம்பகமான குரல்" விருது அறிவித்தார்கள். விழாவுக்குப் புது கவுனை எடுத்துக்கொண்டு, குயின்ஸ் பகுதியில் ஒஃபீலியாவின் வீட்டைத் தேடிப் போனாள். கதவு திறந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"மேடையில நிக்கணும். நல்லா அழுத்தமா, ரெட்டைத் தையல் போட்டுத் தர முடியுமா?"

ஒஃபீலியா துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, உன் துணிக்கு மட்டும் விடுதலை வேண்டாமா?"