வான்ஷுவை உயிரோடு அனுப்பவும்

'குளிர்நிலா' என்ற புனைபெயரில் எழுதும் மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மாவுக்கு, லோயாங் நகர டிராக்டர் தொழிற்சாலையில் பிரேக் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பாய் தெஷுன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால்களும் சுமாரான நலம். தாங்கள் நலம்தான் என்று எனக்கே தெரியும். இத்தனை பேரைக் கொன்ற பிறகும் மறுநாள் காலையில் சரியான நேரத்துக்கு அடுத்த அத்தியாயம் அனுப்ப முடிகிறதென்றால் உடம்பு திடமாகத்தான் இருக்க வேண்டும்.

தினம் ஒரு அத்தியாயமாகப் போனில் வரும் தங்கள் 'ஒன்பதாம் வாயிலில் பனி' நாவலைத்தான் சொல்கிறேன். எனக்கு அரண்மனைக் கதை ஆகாது. சர்க்கரை வியாதி என் மனைவி குயிஜென்னின் கண்ணைக் கெடுத்த பிறகு, மதியம் பால்கனி வெயிலில் அவளை உட்கார்த்திவைத்துப் போனைப் பார்த்து அவளுக்கு வாசித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஆறாம் இளவரசரும் தையல்காரப் பெண் வான்ஷுவும் குளக்கரையில் கண்ணால் பேசிக்கொண்டிருந்த வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு நாள் இளவரசரின் செவிலித்தாயைக் கிணற்றில் தள்ளிவிட்டீர்கள். நிமிர்ந்து பார்த்தால் குயிஜென் போர்வை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறாள். என் வாய் தானாக, "கிணத்தோரம் கால் வழுக்கிடுச்சு, நல்லவேளை தோட்டக்காரன் புடிச்சுட்டான்" என்றது. "அப்பாடா" என்றாள். அதோடு தொலைந்தது என் நிம்மதி.

மறுநாள் அத்தியாயம் முழுக்க அந்தச் செவிலித்தாயின் சாவு ஊர்வலம்! உயிரோடு இருப்பவளுக்கு நான் எப்படி ஊர்வலம் விட முடியும்? சரி, கல்யாண ஊர்வலம் என்று மாற்றினேன். தாங்கள் வெள்ளை உடுத்தி அழுதார்கள் என்று எழுதியிருந்தீர்கள், நான் சிவப்பு உடுத்தி அழுதார்கள் என்று வாசித்தேன். "கல்யாணத்துல ஏன்யா இப்படி அழறாங்க?" என்றாள். "பொண்ணு வீட்டுக்காரங்க" என்றேன். "இத்தனை பேருமா?" "பெரிய குடும்பம்." அப்புறம் தளபதி தலையை வெட்டினீங்க, அவரைத் தாடி வச்சுத் தெற்குச் சந்தைக்கு அனுப்பி நூடுல்ஸ் கடை போட்டுக் கொடுத்தேன். வாசல்காவலனைக் கொன்னீங்க, அவனை அங்கேயே மாவு பிசைய விட்டேன். நீங்க கொல்லக் கொல்ல என் கடையில ஆள் சேர்ந்து, கடைசியில உட்கார இடமில்லை. பட்டத்தரசி வான்ஷுவுக்கு விஷக் கோப்பை நீட்டிய அன்றைக்கு என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. கோப்பை வரும் பக்கத்தையே வாசிக்காமல் தாண்டி, நிலவு அழகாக இருந்தது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். குயிஜென் கண்ணை மூடிக்கொண்டே, "அது கிடக்கட்டும், அந்தக் கோப்பை என்னாச்சு?" என்று கேட்டாளே! நான் கோப்பை என்ற பேச்சையே எடுக்கவில்லை, அம்மா. என்ன கூர்மையான புத்தி என்று வியந்துபோனேன். "பியோனிச் செடித் தொட்டியில ஊத்திட்டா" என்றேன். இரண்டு அத்தியாயம் தள்ளி நீங்களே பியோனி வாடியது என்று எழுதி என்னைக் காப்பாற்றினீர்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் நன்றி.

இந்தத் தொழில் எனக்குப் புதிதல்ல. நாங்கள் இளசாக இருந்தபோது தொழிற்சாலை மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவோம். குயிஜென் கிரேன் ஓட்டுபவள், அத்தனை உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குபவள், கதாநாயகி செத்தால் மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டே சைக்கிள் பின்னால் ஏறுவாள். நான் மிதித்துக்கொண்டே, அவள் உண்மையில் சாகவில்லை, மீன்காரன் காப்பாற்றினான், அவர்களுக்கு இப்போது பிள்ளைகூட இருக்கிறது என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வருவேன். முதுகில் ஒரு குத்து விழும். "பொய்யி! சரி, பிள்ளைக்கு என்ன பேரு?" என்பாள். அந்தத் தெருவில் அப்போது வரிசையாக நிழல்மரங்கள் இருந்தன. இப்போதும் இருக்கின்றன. எனக்குத்தான் அந்த வழியாகப் போக மனசு வருவதில்லை.

பனிக்காலத்தில் அவள் போய்விட்டாள். நாவல் அப்போது முடிந்திருக்கவில்லை. கடைசி வாரம் என் கையைப் பிடித்து, "முடிவு வந்ததும் எனக்குக் கொண்டாந்து குடு. மறந்துடாதே, கிழவா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். கல்லறை துடைக்கும் சிங்மிங் நாள் நெருங்குகிறது. அன்று காகிதத்தில் எதை எரித்தாலும் அவளுக்குப் போய்ச் சேரும். அவள் தங்கை ஷூலியன் காகிதப் பணம், காகித வீடு, காகிதப் போன் எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டாள். நான் தங்கள் கடைசி அத்தியாயத்தை நகல் கடையில் அச்செடுத்து வந்து வாசித்தால், வான்ஷு வெள்ளைப் பட்டில் தூக்குப் போட்டுத் தொங்குகிறாள், இளவரசர் ஒன்பதாம் வாயிலில் பனியில் விறைத்துக் கிடக்கிறார்! இதையா என் பெண்டாட்டிக்கு அனுப்புவது? அதுவும், ஏற்கெனவே செத்த அத்தனை பேரும் வந்து அழைத்துப்போவதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அவள் கணக்கில் அவர்கள் எல்லாரும் சந்தையில் நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அம்மா! பிரேக் பிடிக்காத ஒரு வண்டியையும் நான் வாசலைத் தாண்ட விட்டதில்லை. ஆகையால் ஒரே ஒரு பிரதி, ஊருக்கு வேண்டாம், எனக்கு மட்டும், வான்ஷு உயிரோடு இருக்கிற மாதிரி ஒரு முடிவு எழுதி சிங்மிங்குக்கு முன் அனுப்பிவைக்கக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் விரல்கள் நோகாமலும், தங்கள் வீட்டார் யாரும் தங்கள் கதையில் வரும் துரதிர்ஷ்டத்துக்கு ஆளாகாமலும், பல்லாண்டு சூடான சோறு உண்டு வாழ வாழ்த்தும்,
பாய் தெஷுன்.

பி.கு.: மேலே கேட்டதை எழுத வேண்டாம். தங்கள் விலாசம் கேட்கப்போன இடத்தில் ஷூலியன் கடிதத்தை வாசித்து, சிரித்து, அப்புறம் அழுதாள். "அத்தான், அந்தப் போன் தானாவே சத்தம் போட்டு வாசிக்கும், தெரியாதா? நான்தான் அக்காவுக்கு அமுக்கிக் காட்டினேன். காலையில நீங்க மாட்டுச் சூப் வாங்கப் போவீங்கல்ல, அதுக்குள்ள முழுசாக் கேட்டு முடிச்சுடுவா" என்றாள். அப்புறம் எதற்கு மதியம் என்னைப் போட்டு வதைத்தாள் என்று கேட்டேன். "'காலையில அந்த எழுத்தம்மா கொல்லுவா, மதியம் என் கிழவன் காப்பாத்துவான், அதுக்காகத்தான் அந்தச் சனியன் கதையையே கேக்குறேன்'னு அக்காவே சொன்னா" என்றாள்.

ஆகவே தங்கள் முடிவை அப்படியே கல்லறைக்கு எடுத்துப் போகிறேன். எரிப்பதற்கு முன் நின்று வாசிக்கப்போகிறேன். வெள்ளைப் பட்டு வரும் இடத்தில் என்ன சொல்வது என்று இன்னும் தோன்றவில்லை. அவள் "உம், படி" என்றால்தான் எனக்குப் பொய் வரும். சொல்லாவிட்டாலும் படிப்பேன்.