ஹோகரா பங்குகளும் எங்கள் வீட்டுக் குளியலறையும்

நகாவோகா,
பிப்ரவரியில் பனி நின்ற ஒரு காலை.

மரியாதைக்குரிய மைத்துனர் கட்சுமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் நெமோதோ யசுஹிரோ தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே பனி ஜன்னலில் பாதியை மூடிவிட்டது. உங்கள் ஒகாயாமாவில் பிளம் மரங்கள் மொட்டு விட்டிருக்கும். வீட்டில் எல்லோரும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் உங்கள் அக்கா ஃபுசாகோவும் சௌக்கியம். புத்தாண்டுக்கு நீங்கள் வந்திருந்தபோது, "அத்தான், போன காசு போனதுதான். மிச்சத்தையாவது வெளிய எடுத்துக்கங்க" என்று சொன்னீர்கள். நான் வாயில் மோச்சி அரிசிக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே உங்கள்மேல் பாய்ந்தேன். உங்கள் அக்கா என் முதுகில் தட்டித்தான் அது உள்ளே இறங்கியது. அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைப்பானேன், ஹோகரா பங்குகளை விற்றுவிட்டேன். எல்லாவற்றையும்!

எப்படி மாட்டினேன் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் குளியலறையைப் புதுப்பித்துத் தருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் தொட்டி கிணறு மாதிரி ஆழம், முழங்கால் வலியோடு அவள் அதன் விளிம்பைத் தாண்ட வேண்டியிருந்தது, கொதிகலனும் இருமிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஹோகரா என்ற பொது வெந்நீர்க் குளியல் நிறுவனம் எங்கள் தெருமுனையில் கிளை திறந்தது. அதன் பங்குகளை வைத்திருப்பவர்களுக்கு வருடா வருடம் நன்றிப் பரிசாக இலவசக் குளியல் கூப்பன் வரும். யோசித்துப் பாருங்கள் மாப்பிள்ளை, குளியலறை கட்டினால் குளியல் மட்டும்தான், பங்கு வாங்கினால் குளியலும் ஆச்சு, பணமும் வளரும். முதல் வருடம் இந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நடந்து போய்க் குளித்தோம், பாட்டில் காபிப் பால் குடித்தோம், முகம் சிவக்க வீடு திரும்பினோம். பிறகு விலை இறங்கியது. இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வாங்கினால் சராசரி விலை குறையுமே என்று வாங்கினேன். வாங்கியதால் கூப்பன் கூடியது, கூப்பன் கூடியதால் வீட்டுக் கொதிகலனைப் பழுதுபார்ப்பது வீண்செலவாகப் பட்டது, கொதிகலன் ஒருநாள் நின்றேபோனது. தெருமுனைக் கிளையை மூடினார்கள். நிர்வாகம் விழித்துக்கொண்டது, செலவைக் குறைக்கிறார்கள் என்று மகிழ்ந்து மேலும் வாங்கினேன். பேருந்து பிடித்து சன்ஜோ கிளைக்குப் போனோம். சன்ஜோவையும் மூடினார்கள். சென்ற இலையுதிர் காலத்திலிருந்து நீகாத்தா கிளை. ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ரயில் கட்டணமே அங்கே குளிப்பதற்கான கட்டணத்தை விட அதிகம். இடைப்பட்ட நாட்களில் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டோம்.

"குளிச்சிட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள, இன்னொரு தடவை குளிச்சாத்தான் சூடு வரும்போல இருக்குங்க" என்பாள் உங்கள் அக்கா.

"கூப்பன் காலாவதி ஆயிடும், ஃபுசாகோ. சும்மா தூக்கிப் போடச் சொல்றியா?" என்பேன் நான்.

போன செவ்வாய்க்கிழமை நீகாத்தா நிலையத்துப் படியில் உறைபனி. அவள் கால் வழுக்கிவிட்டது. நான் அவள் மேல்கோட்டைப் பிடித்து இழுத்ததால் விழாமல் படியில் உட்கார்ந்தாள். சோப்புப் பெட்டி மட்டும் கீழே உருண்டது. திட்டியிருந்தால் தயாராகப் பதில் வைத்திருந்தேன். அவளோ கையுறையைக் கழற்றிவிட்டு, பனிக்குள் விரலை விட்டு சோப்பைத் தேடினாள். இடுப்பு உடைந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆனாலும், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று குளிக்கத்தான் போனோம். என் புத்தி அப்படி.

ஆண்கள் பக்கத்துத் தொட்டியில் என்னோடு சேர்த்து ஏழு பேர். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் தெம்பு வந்தது. மீன் சந்தையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இனோமாதா என்பவர், தலையில் துண்டை மடித்து வைத்தபடி பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லையே, வியாபாரம் சூடு பிடிச்சிடுச்சு" என்றேன்.

"வியாபாரமா? நான் பங்குதாரர் கூப்பன்ல வந்தேன்."

"நானும் கூப்பன்தான்" என்றார் அடுத்தவர். இன்னொருவரும் தண்ணீருக்குள்ளிருந்து தலையாட்டினார்.

"காசு குடுத்துக் குளிக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். மூலையில் ஒரு கை உயர்ந்தது. ஆறு பேரும் அவரை அப்படி ஒரு பாசத்தோடு பார்த்தோம்.

"காபிப் பாலுக்கு நான் காசு குடுத்தேன்" என்றார் அவர்.

"அப்போ இந்த வெந்நீருக்கு யாரு காசு?"

"எல்லாம் நம்ம காசுதான்" என்றார் இனோமாதா. "இவ்வளவு விலைகுடுத்து வாங்கின தண்ணி. சீக்கிரம் எந்திரிச்சிடாதீங்க, நல்லா ஊறுங்க."

எல்லோரும் சிரித்தோம். "அப்படின்னா வித்துடலாமே?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "அதெப்படி? போட்டது திரும்ப வர வேண்டாமா?" என்றார்கள், ஆறு பேரும், கிட்டத்தட்ட ஒரே குரலில். மூன்று வருடமாக நான் சாப்பாட்டு மேசையில் கம்பீரமாகச் சொல்லிவந்த வசனம் அது. கழுத்தளவு தண்ணீரில் ஆறு அம்மண உடம்புகள் அதைச் சொல்லிக் கேட்டபோது, என் குரல் எனக்கே சகிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் கைபேசி பேசக் கூடாது. பங்குச் சந்தை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். கைக்குக் கிடைத்த மேல்கோட்டை மாட்டிக்கொண்டு முன்கூடத்துக்கு ஓடி, தரகு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதுமே அங்கே வேலை பார்க்கும் பெண், "வணக்கம் நெமோதோ சார், இந்தத் தடவை எத்தனை வாங்கணும்?" என்றாள். "அத்தனையும் வித்துடும்மா" என்றேன். "உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்று கேட்டாள்.

விற்று முடித்துத் திரும்பினால், பெண்கள் பக்கத்துச் சிவப்புத் திரையை விலக்கிக்கொண்டு உங்கள் அக்கா நிற்கிறாள்.

"என்னங்க, கால்சட்டை எங்க?"

"வித்துட்டேன், ஃபுசாகோ!"

"கால்சட்டையையா?"

விஷயத்தைச் சொன்னேன். போட்டதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது என்பதையும் சொன்னேன். அவள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன்; குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "மூணு வருஷமா நம்ம வீட்ல மூணாவது ஆளா அந்த ஹோகரா சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஒருவழியா எந்திரிச்சுப் போனானே" என்றாள். மிச்சமிருந்த கூப்பன்களை இனோமாதாவிடம் கொடுத்துவிட்டு, நிலையத்தில் சால்மன் மீன் சோற்றுப் பெட்டி இரண்டு வாங்கினோம். ரயிலில் அரைவாசி சாப்பிடுவதற்குள் தூங்கிப்போனேன். பணம் தொலைத்த மனிதனுக்கு இப்படி ஒரு தூக்கம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். நீங்கள்தான் சொன்னீர்கள், தெரியும்.

தேறிய பணம் குளியலறைக்குப் போதும். விளிம்பு தாழ்ந்த புதுத் தொட்டிக்கும் கொதிகலனுக்கும் முன்பணம் கட்டிவிட்டோம். இனி என் வாழ்நாளில், கொடுத்துவிட்ட காசுக்காக ஓர் அடிகூட எடுத்துவைக்கப் போவதில்லை. வசந்தம் வரும்வரை கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போங்கள். உங்கள் மனைவிக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
இலேசான மனத்தோடு,
நெமோதோ யசுஹிரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தொட்டி வந்து இறங்கிவிட்டது. குளியலறை வாசலைவிட ஒரு சாண் அகலம். வாசலை அளக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. முன்பணத்தை விட்டுவிட்டால் நாளைக்கே சின்னத் தொட்டி கொண்டுவருகிறேன் என்றார் கடைக்காரர். இப்போதுதான் திருந்திய மனிதன் அல்லவா, சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் அக்கா முந்திக்கொண்டாள்: "அதெப்படிங்க? முன்பணம் குடுத்தாச்சு. சுவரை இடிச்சிடலாம்." அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, மாப்பிள்ளை! சனிக்கிழமை இடிக்கிறோம். பெரிய சுத்தியல் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.