சங்குமுகத்தில் மூடுபனி

மோட்டார் வைத்த வண்டி எதுவானாலும் அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும் என்பது சட்டம். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. வலியசாலை ஸ்ரீகண்டனுக்கும் இருக்கவில்லை. சாலை பஜாரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர் அவர். பால் கவரில் அச்சடித்திருப்பதைக்கூட முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் கத்திரிக்கோலைத் தேடுவார். இந்தக் கதையில் அவர் பட்ட அத்தனை பாட்டுக்கும் அந்தப் படிக்கிற பழக்கம்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள், பழைய இரும்பு எடுக்கும் ஆக்கிரிக் கடையில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஐம்பது சிசி. அதில் இரண்டு பேர் உட்காரலாம் என்று செய்தவர்கள் எந்த தைரியத்தில் சொன்னார்களோ தெரியாது. டாங்கில் துரு, சைலன்சரில் கரி, சீட்டுக்குள் எலி. ஆக்கிரிக்காரர் இரும்பு விலைக்குத் தூக்கிக் கொடுத்தார். எலிக்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

வண்டி கூடத்துக்குள் வந்ததைப் பார்த்து மனைவி விஜயலக்ஷ்மி வாயே திறக்கவில்லை. அவள் கத்தினால் ஸ்ரீகண்டனுக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம். ராத்திரி சாப்பாடு போடும்போது தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"கூடத்தை எடுத்துக்கோங்கோ, ஊஞ்சலை எடுத்துக்கோங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஓட ஆரம்பிச்சா முதல் சவாரி என்னை வெச்சு, சங்குமுகத்துக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கே போனாலும் பஸ்ஸிலே கம்பியைப் பிடிச்சுண்டு நின்னாச்சு. ஒரு தடவை கடல்காத்து மூஞ்சியிலே அடிக்க உக்காந்துண்டு போணும்."

ஸ்ரீகண்டன் சத்தியம் செய்து கொடுத்தார்.

மெக்கானிக்கிடம் விட்டால் சம்பளம் நேரே மெக்கானிக் வீட்டுக்குப் போய்விடும் என்பதால் எல்லாமே வீட்டு வைத்தியம்தான். நட்டும் போல்ட்டும் புளிக்கரைசலில் ஊறின. சைலன்சரைக் கொல்லையில் தேங்காய் மட்டை போட்டு எரித்துக் கரி நீக்கினார். டாங்குக்குள் ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு மூடி, பழைய புடவையில் சுற்றி ஊஞ்சலில் கிடத்தினார். ஆட ஆட ஜல்லி உரசி உள்ளே இருக்கும் துரு போகும் என்பது ஏற்பாடு. ஆட்டிவிடும் பொறுப்பு விஜயலக்ஷ்மிக்கு. அவளும் டிவியில் சீரியல் பார்த்தபடியே காலால் உந்தி உந்தி ஆட்டினாள். அடுத்த வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பார்த்து, குழந்தை யாருடையது, பேர் வைத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இனி சட்டம். பழைய வண்டி ரோட்டுக்கு வரப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருவது பழைய வாகன நலன் மற்றும் புகை ஒழிப்பு அலுவலகம். என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுவரத்தான் ஸ்ரீகண்டன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போனார். கார்புரேட்டர் அப்போது வீட்டில், எலுமிச்சம்பழச் சாற்றில், ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்குப் பக்கத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

ஆபீசர் மஹேஷ் அவரைப் பேசவே விடவில்லை. வந்த வண்டியைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது என்பது உத்தரவாம். புகை அளக்கும் மிஷினின் குழாயை எடுத்து சைலன்சருக்குள் சொருகினார். மிஷின் முனகியது, யோசித்தது, பூஜ்யம் என்று காட்டியது. மஹேஷ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பூஜ்யமேதான். அந்த ஆபீசின் சரித்திரத்தில் இப்படி ஒரு வண்டி வந்ததில்லை. மாவட்டத்தின் சராசரிப் புகையைக் குறைக்கவில்லை என்று மேலிடத்தில் அவரை வாராவாரம் திட்டிக்கொண்டிருந்தார்கள். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

கார்புரேட்டர் வீட்டில் இருக்கிறது, எஞ்சின் ஓடவே இல்லை என்று ஸ்ரீகண்டன் நேர்மையாக விளக்கிப் பார்த்தார். அதையெல்லாம் மிஷின் கேட்கவில்லை, நீங்கள் ஏன் சொல்கிறீர்கள் என்று மஹேஷ் கடிந்துகொண்டு, முதல் தரச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பும் அடித்துக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்திலேயே பதிவும் புதுப்பித்து வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஏறியது. நாலைந்து உதை வாங்கிக்கொண்ட பிறகு வண்டி இருமியது, செருமியது, பிறகு படபடவென்று ஓட ஆரம்பித்தது. கூடம் முழுக்க நீலப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து விஜயலக்ஷ்மி வெளியே வந்தாள், நல்ல புடவை கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு. கிளம்புமுன் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட எடுத்தார். எடுத்தவர் சும்மா உறையில் போட்டிருக்கலாம். படித்தார்.

கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது: 'மேற்படி வாகனத்திலிருந்து இனி எக்காலத்தும் எவ்வளவேனும் புகை வெளிப்படுமாயின், இச்சான்றிதழ் ரத்து செய்யப்படுவதோடு, வாகனமும் நசுக்கி அழிக்கப்படும்.'

எஞ்சினை அணைத்தார். விஜயலக்ஷ்மி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய் தோசைக்கு அரைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் ஸ்ரீகண்டன் ஆபீசில் போய் மஹேஷின் முன்னால் நின்றார். மஹேஷ் மலையாளம் கலந்து பேசுகிறவர்.

"சாரே, ஓட்டினால் புகை வருமே?"

"வரும். அதனால ஓட்ட வேண்டா."

"அப்புறம் வண்டி எதுக்கு?"

"அது எனக்குத் தெரியாது கேட்டோ. நான் புகைக்கு மட்டும்தான் ஆபீசர்."

போகட்டும், வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறேன் என்றார் ஸ்ரீகண்டன். அதுவும் முடியாதாம். முதல் தர வண்டி வாரம் ஒருமுறையாவது ரோட்டில் தென்பட வேண்டும், இல்லாவிட்டால் கைவிடப்பட்ட வாகனம் என்று கருதி நசுக்கிவிடுவார்கள். தள்ளிக்கொண்டு போகலாமா என்றார். தாராளமாகப் போகலாம், ஆனால் ஹெல்மெட் கட்டாயம் என்றார் மஹேஷ். தலைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் அரசாங்கம் மிகுந்த அக்கறையோடு இருக்கிறது.

ஆகவே ஸ்ரீகண்டன் ஞாயிறுதோறும் காலையில் தலையில் ஹெல்மெட்டோடு வலியசாலையிலிருந்து பழவங்காடி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பிள்ளையாரைச் சேவித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மூன்றாவது வாரம்வரைதான் நடந்தது. அன்று சந்நிதியில் தேங்காய் உடைக்க வந்திருந்த ஆதர்ஷ் என்ற பையன் அவரைப் பார்த்தான். கவடியாரில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தாடி. ஏன் அங்கிள் ஓட்டாமல் தள்ளுகிறீர்கள் என்று கேட்டான். ஓட்டினால் புகை வரும் என்று ஸ்ரீகண்டன் உள்ளதைச் சொன்னார். பையன் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டான்.

சாயங்காலத்துக்குள் அவருடைய போட்டோ ஊரில் எல்லார் போனிலும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஆதர்ஷ் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதற்கடுத்த வாரம் அவனுடைய சிநேகிதர்கள். பிறகு டாக்டர்கள், வக்கீல்கள், இரண்டு நடன டீச்சர்கள். பூஜ்யம் வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை, கார்புரேட்டரைக் கழற்றி எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டுவிட்டு வந்தால் போதும் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. சாலையில் எலுமிச்சம்பழம் விலை ஏறியது. தள்ளுவதற்கென்று கையுறை வந்தது, செருப்பு வந்தது. தள்ளப் போகுமுன் குடிக்க வேண்டிய கஞ்சியை ஒரு கடைக்காரர் பாட்டிலில் அடைத்து விற்றார். என் வண்டி ரெண்டு வருஷமாக ஓடவில்லையாக்கும் என்று ஒருவர் பெருமையடித்தால், என்னுடையது வாங்கியதிலிருந்தே ஓடவில்லை என்று இன்னொருவர் அவரை மட்டம் தட்டினார். எல்லாருமாகச் சேர்ந்து ஸ்ரீகண்டனைத் தலைவராக்கினார்கள்.

ஆயுசு முழுக்க அடுத்தவர் கணக்கை எழுதிக்கொண்டிருந்தவருக்கு அந்தத் தலைவர் பட்டம் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலை கிளம்புமுன் கொல்லையில் வைத்து ஒரே ஒரு நிமிஷம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி அதன் குரலைக் கேட்பார். பிறகு அணைத்துவிட்டுத் தள்ளுவார். அடுக்களையில் விஜயலக்ஷ்மி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னை எப்போ கூட்டிண்டு போகப்போறேள் என்று கேட்டதற்கு, நீயும் கூடவே நடந்து வாயேன், உடம்புக்கு நல்லது என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்று சாம்பாரில் உப்பு இல்லை.

இப்படியிருக்கையில் புகை ஒழிப்பு அலுவலகம் ஒரு தள்ளு யாத்திரையை அறிவித்தது. கிழக்கேகோட்டையில் புறப்பட்டு சங்குமுகத்தில் முடியும். முடிவில் தலைவருக்கு 'புகையில்லாப் பெருந்தகை' என்ற விருதும் கோப்பையும். மஹேஷ் முன்னால் ஆபீஸ் ஜீப்பில் உட்கார்ந்து வந்தார். ஜீப்பும் பூஜ்யச் சான்றிதழ் வாங்கியதுதான், ஆகவே நாலு குமாஸ்தாக்கள் தள்ளினார்கள். புறப்படும் நேரத்தில் விஜயலக்ஷ்மி நல்ல புடவையும் ஹெல்மெட்டுமாக வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சங்குமுகத்துக்குத்தானே போறது? தள்ளுங்கோ" என்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் தலைவர் என்ன சொல்ல முடியும். தள்ளினார்.

கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது உயிர் போய் உயிர் வந்தது. இறங்கும்போதுதான் வினை. மனைவியின் கனமும் சேர்ந்து வண்டி அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. பிரேக் என்பது பழைய குக்கர் கேஸ்கட்டை நறுக்கி அவரே செய்துகொண்ட ஏற்பாடு, அது பிடிக்கவில்லை. சட்டென்று கியரைப் போட்டு கிளச்சை விட்டார். கியரில் தள்ளினால் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். தள்ளியே பழகிய தலைவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. வண்டி படபடவென்று உயிர் பெற்றது.

ஸ்ரீகண்டனுக்கு மானம் போயிற்று. திரும்பிப் பார்க்கவே கூசியது. ஆனால் தலைவர் செய்வதைத் தொண்டர்களும் செய்வது வழக்கம். பின்னால் வந்தவர்களும் இறக்கத்தில் கியரைப் போட்டார்கள். ஆதர்ஷின் வண்டி ஸ்டார்ட் ஆனது. டாக்டருடையது ஆனது. வாங்கியதிலிருந்தே ஓடாத வண்டிதான் எல்லாவற்றையும்விட நன்றாக ஓடியது. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனை டாங்கிலும் பெட்ரோல் இருந்தது, கார்புரேட்டரும் அதனதன் இடத்தில் ஏறியிருந்தது. பாலம் முழுக்கப் புகை சூழ்ந்து, அதற்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் எல்லாரும் நின்றார்கள்.

மஹேஷ் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். அத்தனை சான்றிதழையும் ரத்து செய்தால், கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்பார்கள். அவர் கொஞ்ச நேரம் இருமிவிட்டு, கடலை நோக்கிப் பார்த்து, "மூடுபனி" என்றார்.

"ஆமாம் சாரே, நல்ல மூடுபனி" என்றான் ஆதர்ஷ்.

இப்போது எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்தால் எல்லாரும் ஏறுவார்கள். விஜயலக்ஷ்மியும் மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீகண்டன் அந்தப் பொடி எழுத்தை நினைத்தார், கோப்பையையும் நினைத்தார். கை நீட்டி எஞ்சினை அணைத்தார். பின்னால் எல்லாரும் அணைத்தார்கள்.

விஜயலக்ஷ்மி இறங்கினாள். அந்தப் பக்கம் கரும்புகை கக்கிக்கொண்டு வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, ஹெல்மெட்டோடு ஏறிப் போய்விட்டாள்.

யாத்திரை வியர்த்து வழிந்து சங்குமுகம் சேர்ந்தபோது அவள் கடலைப் பார்த்தபடி காபி குடித்து முடித்திருந்தாள். ஸ்ரீகண்டன் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்த ஆட்டோ கண்ணாடியிலேயும் உங்க சர்ட்டிபிகேட்டேதான் ஒட்டியிருந்தது" என்றாள். "பூஜ்யம், முதல் தரம். புகை வரக்கூடாதுன்னு போட்டிருக்கே, ஓட்டறியேன்னு கேட்டேன். அதெல்லாம் வாசிக்கிறவங்களுக்குத்தான் சேச்சி, நான் வாசிக்கலைன்னான்."

அதற்குள் ஸ்ரீகண்டனை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மஹேஷ் அவர் கையில் கோப்பையைக் கொடுத்து, இவரைப் போன்றவர்களால்தான் நாம் மூச்சுவிடுகிறோம் என்று மைக்கில் பேசினார். கோப்பையின் அடியில் ஏதோ பொடி எழுத்தில் பொறித்திருந்தது. ஸ்ரீகண்டன் பழக்கதோஷத்தில் அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏன்னா" என்று குரல் கேட்டது. விஜயலக்ஷ்மி வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "காபியை நான் குடிச்சாச்சு. சவாரி இன்னும் ஆகலை. படிக்காம வரேளா, இல்லே அந்த ஆட்டோவையே கூப்பிடட்டுமா?"

ஸ்ரீகண்டன் படிக்கிற கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கோப்பையை அவளிடம் கொடுத்தார். ஒரே உதை. வண்டி தாராளமாகப் புகை விட்டுக்கொண்டு வேளிப் பக்கம் கடலோரமாகப் பறந்தது. விஜயலக்ஷ்மி ஒரு கையில் கோப்பையையும் மறு கையில் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, கண்ணை மூடிச் சிரித்தாள். பின்னால் தொண்டர்களும் ஒவ்வொருவராக ஸ்டார்ட் பண்ணினார்கள். கடைசியில் ஜீப்பும் கிளம்பியது, குமாஸ்தாக்களையும் ஏற்றிக்கொண்டு.

சங்குமுகத்தில் ஞாயிறு காலைகளில் அபூர்வமான மூடுபனி காணப்படுவதாக மஹேஷ் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மாவட்டத்தின் சராசரிப் புகை பூஜ்யம் என்று அவருக்குப் பதவி உயர்வும் வந்தது. இப்போது மூடுபனி பார்ப்பதுதான் பேஷன். வெளியூரிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, அதற்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நானும் போன வாரம் போய் எடுத்துக்கொண்டேன். இருமல்தான் இன்னும் நிற்கவில்லை, கடற்கரைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.