தண்ணிக் கங்காணி

காஜா பேராங் வட்டாரத்திலேயே அந்த அம்மாவைப் போல ஈவிரக்கம் இல்லாத ஒரு ஜென்மம் பிறந்ததே இல்லை என்று எங்கள் தெருவே சத்தியம் செய்யும். சொந்தப் புருஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க மாட்டார். தோட்டத்து மேஸ்திரி மாதிரி தண்ணீருக்குக் காவல் நிற்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர் தண்ணிக் கங்காணி.

புருஷன் பஸ் டிரைவர். மெர்டேகாவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு, முந்தின வருஷம் முகமும் காலும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரன், கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்கார டாக்டர் பேசுவதைத் தமிழில் சொல்ல என்னைத்தான் கூட்டிப்போனார்கள். குணப்படுத்த மருந்து கிடையாது என்றார் டாக்டர். உப்பு, கறி, மீன் கூடாது. தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். மிஞ்சினால் நுரையீரலில் போய்த் தேங்கிவிடும். இளநீர் கூடவே கூடாது, அது நெஞ்சையே நிறுத்திவிடும். கடைசியாக, வார்டில் வைத்துக்கொள்ளவா, வீட்டுக்குக் கொண்டு போகிறீர்களா என்று கேட்டார்.

"வீட்டுக்குன்னு சொல்லுங்க தம்பி. வார்டுல ஆளாளுக்கு இளநி தூக்கிட்டு வருவாங்க, யாரு ஜாகா பண்ணிக் காவக் காக்குறது? வீட்டுல வாசல் ஒண்ணுதான்" என்றார் கங்காணி.

நம் ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரத் தெரியாது. கிட்னி கெட்டால் கழுவிவிட வேண்டும், கழுவ இளநீரும் பார்லித் தண்ணீரும் வேண்டும். டாக்டர் எதற்குப் படித்தாரோ தெரியவில்லை, எங்கள் தெருவில் அத்தனை பேரும் கிட்னி ஸ்பெஷலிஸ்டுகள். கங்காணி வாசலிலேயே இளநீரை வாங்கி, கொண்டுவந்தவர் கண்ணெதிரே அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுவார்.

"ரொம்பக் குளிர்ச்சிங்க. இப்ப உள்ள போய்ப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் ஜாஸ்தி. சாயங்காலத்துக்குள் பாவம், வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டிருப்பார். நோயாளிக்கு வந்ததைக் குடித்து உடம்பை வளர்க்கிறாள் என்றது தெரு.

டிரைவர் மட்டும் லேசுப்பட்டவரா? வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி முழுங்கிவிடுவார். கிளேபாங்கிலிருந்து வரும் அவருடைய அக்கா, நெற்றியில் போட என்று துண்டை நனைத்துக் கொடுப்பார். அடுத்த நிமிஷம் துண்டு டிரைவர் வாயில் இருக்கும். கங்காணி அதைப் பிடுங்கிப் பிழிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இவனைத் தவிக்க விட்டுட்டு உனக்கு எப்படிச் சோறு இறங்குது?" என்றார் அந்த அக்கா ஒரு நாள்.

"இறங்கலதான் அண்ணி. அவரு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா போதும்."

தீபாவளியைத் தாண்டாது என்று டாக்டர் சொன்ன உடம்பு தீபாவளியைத் தாண்டியது, பொங்கலைத் தாண்டியது, மெர்டேகாவையும் பார்த்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். தெரு, தான் நேர்ந்துகொண்ட வேண்டுதல் பலித்தது என்றது.

மெர்டேகா முடிந்த வாரம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன கங்காணி, வேறு ஆள் இல்லாமல் அந்த அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தால் கட்டிலடியில் வெட்டிய இளநீர்க் கூடுகள், காலியான பார்லிக் கூஜா. டிரைவர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

"கடைசி நாள்லயாச்சும் என் தம்பி வயிறு குளிர என் கையால குடிச்சான். இவளை நம்பியிருந்தா நாக்கு வறண்டே செத்திருப்பான்" என்று அந்த அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். கூட்டம் தலையாட்டியது. இத்தனை மாதமாக எத்தனையோ தடவை சொல்லியும் காதில் வாங்காத ஜனங்கள், இன்று பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது கேட்கட்டும் என்று எழுந்தேன்.

கங்காணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க தம்பி. அண்ணி அவரை இடுப்புல தூக்கி வளர்த்தவங்க. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்காவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நாளைக்கு நான் படுக்கையில் விழுந்தால், அந்த அம்மாவைப் போல ஒருத்தர் என் பக்கத்தில் இருக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.